கப்பல் உடைந்தால் கரைக்கு என்ன வரும்? தூத்துக்குடிக்கு ஏற்ற எரிபொருள் எது?

கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்த்த நாட்களில் பங்கர் (கப்பல் எரிபொருள்) சாம்பிள் பாட்டிலைப் பலமுறை கையில் வாங்கியிருக்கிறேன். உள்ளே பர்னஸ் ஆயில் என்ற கனமான எண்ணெய். பாட்டிலைச் சாய்த்தால் உடனே சாயாது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்ட கருப்பட்டிப் பாகு மாதிரி யோசித்து யோசித்துத்தான் நகரும். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். எண்ணெய் கொடுத்தவரும் கப்பலின் சீஃப் இன்ஜினியரும் லேபிளில் கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, அந்தப் பாட்டிலைக் குறைந்தது 12 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கப்பல் மாசைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பில் உள்ள விதி அது. கந்தகம் எவ்வளவு என்று தகராறு வந்தால் பாட்டில்தான் சாட்சி. 2020 ஜனவரி 1-க்கு முன்பு 3.5 சதவீதம் வரை இருக்கலாம், அதன் பிறகு 0.5 தான். அந்த ஒரு எண்ணைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

இப்போது தூத்துக்குடியின் அதே வ.உ.சி. துறைமுகத்தில் வேறு பெயர்கள் காதில் விழுகின்றன. 2025 செப்டம்பரில் 750 கன மீட்டர் கொள்ளளவில் பசுமை மெத்தனால் (புதைபடிவ எரிபொருள் இல்லாமல் தயாரிக்கும் ஒரு வகை ஆல்கஹால்) நிரப்பும் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 35.34 கோடி ரூபாய். கூடவே ஒரு சின்னப் பசுமை ஹைட்ரஜன் ஆலையையும் திறந்தார்கள், தெருவிளக்கு எரிக்கிற அளவுக்கு. குஜராத்தின் காண்ட்லாவிலிருந்து தூத்துக்குடி வரை பசுமைக் கப்பல் வழித்தடம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஆண்டுக்கு 2 லட்சம் டன் பசுமை அம்மோனியாவை இங்கே தயாரித்து ஜப்பானுக்கு அனுப்ப சிங்கப்பூரின் செம்ப்கார்ப் ஜப்பானிய நிறுவனங்களோடு பேசி வைத்திருக்கிறது. ஏற்றுமதிக்கு அம்மோனியாத் தொட்டி வந்துவிட்டால், "அதையே கப்பலுக்கும் ஊற்றலாமே" என்ற யோசனை பின்னாலேயே வரும். வரட்டும். வருவதற்கு முன் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த எரிபொருளின் விளம்பரத் தாளைப் புரட்டினாலும் ஒரு கேள்விக்குத்தான் பதில் இருக்கும்: புகைபோக்கியில் என்ன வரும்? எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. கப்பல் உடைந்தால் கடலில் என்ன கலக்கும்? அப்போது யார் பணம் கொடுப்பார்கள்? இந்தத் துறைமுகத்தின் வாசலில்தான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1986-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா, 560 சதுர கிலோமீட்டர், 21 தீவுகள். வான் தீவும் காசுவாரித் தீவும் எங்கள் ஊர்க்கணக்கில்தான் வரும். பவளப்பாறை, கடற்புல், அதை மேய வரும் ஆவுளியா என்ற கடற்பசு, சங்கு குளிப்பவர்கள், கரைவலைக்காரர்கள் எல்லாம் இந்தத் தண்ணீரில்தான். வட ஐரோப்பியத் துறைமுகத்துக்குப் போட்ட கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

பழைய எண்ணெயின் கணக்கு

புதியவற்றை எடை போடுவதற்கு முன் பழையது என்ன செய்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். 2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். பிறகு எண்ணூர்க் கரையில் வாளி வாளியாக அள்ளிய கரும்பசை நூறு டன்னைத் தாண்டியது. வாளி என்று சும்மா சொல்லவில்லை. கடலோரக் காவல்படையினரும் கல்லூரி மாணவர்களும் வரிசையில் நின்று பிளாஸ்டிக் வாளியைக் கை மாற்றிய காட்சியை அந்த வாரம் தமிழ்நாடே பார்த்தது.

கந்தகம் குறைந்த புது எண்ணெய் என்றால் கடலுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் மொரீஷியஸைப் பார்க்கலாம். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் பவளத்திட்டில் ஏறியது. சில நாட்களில் சுமார் 1,000 டன் எண்ணெய் காயலுக்குள் வந்தது. அது 0.5 சதவீத விதிக்கு முழுக்க உட்பட்ட எண்ணெய்தான். புகைக்காகப் போட்ட விதி எண்ணெய் கொட்டியபோது உதவவில்லை. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 367.1 டன் பர்னஸ் ஆயிலும் 84.44 டன் டீசலும் இருந்தன. அதன் பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றம் போனது. இந்த வழக்குக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.

ஸ்க்ரப்பர் போட்டுக்கொண்டு பழைய எண்ணெயையே எரிக்கும் வழியும் சட்டப்படி இருக்கிறது. புகையைக் கடல்நீரால் கழுவி, கழுவிய அமிலத் தண்ணீரைத் திரும்பக் கடலிலேயே விடுவது. காற்றில் போக வேண்டிய அழுக்கு தண்ணீரில் போகிறது, அவ்வளவுதான். சிங்கப்பூர் 2020-லேயே துறைமுக எல்லைக்குள் இதைத் தடுத்துவிட்டது. டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து 2025 ஜூலையிலிருந்து தங்கள் கடல் எல்லையில் தடுத்திருக்கின்றன. பவளத்திட்டுக்குப் பக்கத்தில் இதை விவாதிக்கவே வேண்டாம், தள்ளிவிடலாம்.

எல்.என்.ஜி.

திரவ இயற்கை எரிவாயுவுக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. உடைந்தால் மைனஸ் 162 டிகிரியில் இருக்கும் திரவம் கொதித்து ஆவியாகிப் போய்விடும், கரைக்கு ஒட்டாது. தீப்பிடிக்காத வரை கடலுக்குப் பெரிய கேடில்லை. சட்டமும் முழுதாக இருக்கிறது. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, வாயு போன்ற எரிபொருளில் ஓடும் கப்பல்களுக்கான ஐ.ஜி.எஃப். விதித்தொகுப்பு மற்ற எரிபொருள்களைவிட இயற்கை எரிவாயுவுக்குத்தான் விரிவாக எழுதப்பட்டது. எண்ணூரில் 2019-இல் இறக்குமதி முனையம் வந்தது, அங்கிருந்து தூத்துக்குடிக்குக் குழாயும் வருகிறது. கையில் இருக்கும் பொருள்.

கோளாறு இன்ஜினுக்குள் இருக்கிறது. உறவில் தம்பி முறை ஆகிற ஒருவன் எல்.என்.ஜி. கப்பலில் செகண்ட் இன்ஜினியர். "அண்ணே, புகையே தெரியாது, வெள்ளை வேட்டி கட்டிட்டு புகைபோக்கி பக்கத்துல நிக்கலாம். ஆனா எரியாம போற கேஸ் கண்ணுக்குத் தெரியாதுல்லா" என்றான். சிலிண்டரில் முழுதாக எரியாமல் அப்படியே வெளியேறும் மீத்தேனைத்தான் சொன்னான். 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். நான்கு ஸ்ட்ரோக் குறையழுத்த இன்ஜின்களுக்கு ஐரோப்பிய விதி 3.1 சதவீதக் கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. ஓடும் கப்பல்களின் புகையை ட்ரோன், ஹெலிகாப்டர் வைத்து அளந்த, போக்குவரத்து மாசை ஆராயும் ஐ.சி.சி.டி. அமைப்பின் ஆய்வில் சராசரி 6.4 சதவீதம் வந்தது. உயரழுத்தத்தில் எரிக்கும் பெரிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் கசிவு மிகக் குறைவு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தூத்துக்குடிக்கு வருபவை பெரும்பாலும் கொழும்புக்கு ஓடி, அங்குள்ள பெரிய கப்பலுக்குப் பெட்டி கொண்டுபோய்ச் சேர்க்கும் சின்ன பீடர் கப்பல்கள்.

புகைக்குக் காசு வாங்கும் ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டம் 2026 முதல் மீத்தேனையும் கணக்கில் சேர்க்கிறது. கப்பலின் ஆயுள் 25 வருடம். இன்று எல்.என்.ஜி. தொட்டிக்குப் பணம் போடுபவர், 2040-இல் சட்டம் எங்கே நிற்கும் என்று பந்தயம் கட்டுகிறார். நான் கட்ட மாட்டேன்.

சமையல் எண்ணெயும் முந்திரி ஓடும்

உயிரி எரிபொருளின் பெரிய நன்மை, இன்ஜினை மாற்ற வேண்டாம். பழைய தொட்டி, பழைய பம்ப், கலந்து ஊற்றிவிடலாம். சிங்கப்பூரில் 24 சதவீதக் கலவை சாதாரணமாக விற்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டினால் ரசாயனக் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும் என்று ஒரு விதி தடுத்துக்கொண்டிருந்தது. 2025-இல் ஐ.எம்.ஓ. என்ற சர்வதேச கடல்சார் அமைப்பு அதை 30 வரை தளர்த்தியது. ஒரே ஒரு எண் எத்தனை துறைமுகங்களின் வியாபாரத்தைக் கட்டிப் போட்டிருந்தது என்பதற்கு நல்ல உதாரணம்.

ஆனால் எதிலிருந்து எடுத்த எண்ணெய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பயன்படுத்திய சமையல் எண்ணெய் என்றால் சரி. காட்டை அழித்து நட்ட பாமாயில் என்றால் பர்னஸ் ஆயிலே தேவலை. ஐரோப்பாவின் ஃப்யூயல்-இ.யூ. மாரிடைம் விதி, உணவுப் பயிரிலிருந்து வந்த எண்ணெயை மிக மோசமான புதைபடிவ எண்ணெயாகவே கணக்கிடுகிறது. அப்புறம், பண்ருட்டிக்காரர்களுக்கு ஆர்வமான ஒரு விஷயம்: முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் கப்பலுக்குள் போயிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று கலந்து விற்றார்கள். வடிகட்டி அடைத்தது, பம்ப் ஒட்டிக்கொண்டது, இன்ஜெக்டர் அரித்துப்போனது. முந்திரி ஓட்டுப் பால் பட்டால் கை வெந்துபோகும் என்று நம் ஊரில் கொட்டை உடைக்கும் பெண்களைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பார்கள்.

இடைக்கால வழியாக இது சரி. கப்பலெல்லாம் ஓடும் அளவுக்குப் பழைய எண்ணெய் உலகத்தில் கிடையாது.

மெத்தனால்

துறைமுகம் ஏற்கெனவே எடுத்திருக்கும் முடிவு இது. என் கணக்கிலும் முதலில் வருவது இதுதான். காரணம் இரண்டாவது கேள்வி. மெத்தனால் தண்ணீரில் முழுதாகக் கரையும். கொட்டிய இடத்தில் மீனுக்குக் கேடுதான். ஆனால் அலை அடிக்க அடிக்க நீர்த்துப்போகும், நுண்ணுயிர்கள் தின்று சில நாளில் தீர்த்துவிடும். பவளத்தில் பசையாக ஒட்டாது, ஆமையின் மூக்கை அடைக்காது. இதை ஐ.எம்.ஓ. எவ்வளவு நம்புகிறது என்பதற்கு விதியிலேயே ஒரு தடயம் இருக்கிறது. 2020-இல் வந்த மெத்தனால் வழிகாட்டுதலின்படி தொட்டியைச் சுற்றிக் காலி அறை விட வேண்டும். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் வெளித்தகடே தொட்டியின் சுவராக இருக்கலாம், அங்கே காலி அறை தேவையில்லை. உள்ளே கசிந்தால் ஆபத்து, வெளியே கடலுக்குள் கசிந்தால் அவ்வளவு பயமில்லை என்பதுதான் அதன் பொருள்.

அனுபவமும் இருக்கிறது. ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் கப்பல் 2015 முதல் மெத்தனாலில் ஓடுகிறது. மெர்ஸ்க் நிறுவனத்தின் லாரா மெர்ஸ்க் 2023-இலும், 16,000 பெட்டி ஏற்றும் ஆனே மெர்ஸ்க் 2024-இலும் வந்தன. சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருக்கும், மைனஸ் டிகிரித் தொட்டி வேண்டாம்.

குறைகள்? ஒரே தூரம் போகப் பழைய எண்ணெயைப்போல இரண்டரை மடங்கு இடம் வேண்டும். 12 டிகிரியிலேயே ஆவி தீப்பிடிக்கும். கப்பல் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையில் எரிபொருளுக்குப் பொதுவிதி 60 டிகிரி. தூத்துக்குடியில் 12 டிகிரி என்பது கதையில்தான் வரும். பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. ஆள் எரிந்துகொண்டிருப்பார், பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது. அதனால்தான் வெப்பத்தைப் பார்க்கும் கேமரா, இரட்டைச் சுவர்க் குழாய் எல்லாம் கட்டாயம்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. எக்கியார்குப்பம், கருணாபுரம் என்ற பெயர்களைக் கேட்டாலே போதும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் சாராயத்தில் கலந்து கொன்றது இதே மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டோர். 10 மில்லி கண்ணைப் பறிக்கும், 30 மில்லி உயிரை எடுக்கும் என்பார்கள். இங்கே மெத்தனால் வைத்திருப்பதற்கு 1959-ஆம் ஆண்டின் தனி விதிகளே உண்டு. வார்னிஷுக்குக்கூட மதுவிலக்குத் துறை உரிமம் வேண்டும். 750 கன மீட்டர் தொட்டியிலிருந்து ஒரு டேங்கர் லாரி வழி மாறினால் என்ன ஆகும் என்று ஐரோப்பியப் பாதுகாப்பு அறிக்கை யோசித்திருக்காது. துறைமுகத்துக்குள் குழாயிலேயே வந்து குழாயிலேயே போக வேண்டும், லாரிப் போக்குவரத்தே இருக்கக்கூடாது, ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு வேண்டும். மற்ற நிபந்தனைகளில் விட்டுக்கொடுக்கலாம், இதில் முடியாது.

முதல் கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்த மெத்தனால், கிணற்றிலிருந்து புகைபோக்கி வரை கூட்டினால் பர்னஸ் ஆயிலைவிடக் கூடுதலாகவே கரியமில வாயு விடும். 'பசுமை' என்ற சொல் தொட்டியின் பெயர்ப் பலகையில் இருந்தால் போதாது, பொருள் எங்கிருந்து வந்தது என்ற சான்றிதழில் இருக்க வேண்டும்.

அம்மோனியா

கரி (கார்பன்) அணுவே இல்லாத எரிபொருள். எரித்தால் கரியமில வாயு வராது. தூத்துக்குடியின் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுத்து, தண்ணீரையும் காற்றையும் வைத்தே தயாரித்துவிடலாம். மெத்தனாலுக்குக் கரி தேட வேண்டும், இதற்கு அந்த வேலையும் இல்லை. நீண்ட காலக் கணக்கில் விலையும் இதற்குத்தான் சாதகமாக வரும் என்று சொல்பவர்கள் அறிவில்லாதவர்கள் அல்ல. காகிதத்தில் இதுதான் ஜெயிக்கிறது.

எங்கள் ஊருக்கு அம்மோனியா காகிதத்துப் பொருள் அல்ல. உரத் தொழிற்சாலை 1970-களிலிருந்தே இருக்கிறது. ஐஸ் கம்பெனிகளில் அதுதான் குளிரூட்டி. ஐஸ் கம்பெனிச் சந்தில் நடந்து போனால் மூக்கைச் சுருக்கென்று குத்தும் வாடை, கண்ணில் நீர். வாடை கூடினால் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்பது துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். 2024 ஜூலையில் புதூர்பாண்டியாபுரத்தில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் கசிந்து, இரவு வேலையில் இருந்த பெண்கள் சுமார் 30 பேர் மயங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். அது குளிரூட்டும் குழாயில் இருந்த அளவு. கப்பல் தொட்டியில் ஆயிரக்கணக்கில் கன மீட்டர் இருக்கும்.

எண்ணூர்க்காரர்கள் பெரிய அளவையே பார்த்துவிட்டார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை வாசல் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், இருக்க வேண்டியது 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், இருக்க வேண்டியது 5. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தைக் கறுப்பாக்கியிருந்தது. ஒரே கரையில் ஒரே மாதத்தில் பழைய ஆபத்தும் புதிய ஆபத்தும் வந்துபோயின. எது பரவாயில்லை என்று அந்த மக்களிடம் கேட்க எனக்கு வாய் வராது.

அம்மோனியா காற்றைவிட இலேசு, மேலே போய்விடும் என்பார்கள். குளிர்ந்த திரவமாகக் கொட்டும்போது அப்படி நடப்பதில்லை. ஈரக்காற்றோடு சேர்ந்து வெள்ளை மூட்டமாகத் தரையோடும் தண்ணீரோடும் ஊரும். 300 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 300 பங்கு) அளவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து. தண்ணீரில் கரைந்தாலோ மீனின் செவுளைத் தாக்கும். இதில் வெப்பமண்டலத்துக்குத் தனி வில்லங்கம் இருக்கிறது. கரைந்த அம்மோனியா முழுதும் ஒரே மாதிரி நஞ்சல்ல. அயனியாக மாறாமல் நிற்கும் பங்குதான் செவுளுக்குள் புகும், தண்ணீர் சூடாகச் சூடாக அந்தப் பங்கு கூடும். பால்டிக் கடலில் கொட்டிய ஒரு டன்னும் மன்னார் வளைகுடாவில் கொட்டிய ஒரு டன்னும் ஒன்றல்ல. பிறகு அதே நைட்ரஜன் பாசிக்கு உரம். 2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் பூங்கோரை என்ற பாசி படர்ந்து கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

புகைபோக்கியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சரியாக எரியாவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு. கொஞ்சம் கூடினாலும் கரி இல்லாததன் லாபமெல்லாம் கரைந்துவிடும்.

சட்டம் இப்போதுதான் நடை பழகுகிறது. அம்மோனியாவை எரிபொருளாக வைக்க ஐ.எம்.ஓ.வின் இடைக்கால வழிகாட்டுதல் 2024 டிசம்பரில்தான் வந்தது. 2024 மார்ச்சில் சிங்கப்பூரில் ஃபோர்டெஸ்க்யூ கிரீன் பயனியர் கப்பலுக்கு முதன்முதலாக நிரப்பியபோது எவ்வளவு ஊற்றினார்கள் தெரியுமா? 3 டன். சிங்கப்பூர் அவ்வளவு நிதானமாக நடக்கும் இடத்தில் நாம் ஓட வேண்டியதில்லை. 2013 மார்ச்சில் வாயுக் கசிவில் தொண்டை எரிந்த காலையையும், ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த 2018 மே 22-ஐயும் மறக்காத ஊர் இது. இங்கே ஆலோசனைக் கூட்டம் என்ற பெயரில் கையெழுத்து வாங்கிவிட்டுப் போக முடியாது.

யார் பணம் கொடுப்பார்கள்?

கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை தருவது, யாரும் அதிகம் பேசாததும் அதுதான்.

பர்னஸ் ஆயில் கொட்டினால் 2001-ஆம் ஆண்டின் பங்கர் உடன்படிக்கை இருக்கிறது. 2008 முதல் நடைமுறையில் உள்ளது. தப்பு யார் மீது என்று நிரூபிக்க வேண்டாம், கப்பல் உரிமையாளரே பொறுப்பு. 1,000 டன்னேஜுக்கு (கப்பலின் உட்புறக் கொள்ளளவின் அளவு) மேற்பட்ட கப்பல் காப்பீட்டுச் சான்றிதழ் இல்லாமல் ஓட முடியாது, பாதிக்கப்பட்டவர் நேரடியாகக் காப்பீட்டு நிறுவனத்திடமே போகலாம். ஆனால் அந்த உடன்படிக்கை 'பங்கர் எண்ணெய்' என்பதைக் கனிம ஹைட்ரோகார்பன் எண்ணெய் என்று வரையறுத்திருக்கிறது. மெத்தனால் கனிம எண்ணெய் அல்ல. அம்மோனியாவில் கரியே இல்லை. இரண்டும் எரிபொருளாகத் தொட்டியில் இருக்கும்போது இந்த உடன்படிக்கைக்குள் வராது. அபாயகரமான பொருள்களுக்கான எச்.என்.எஸ். உடன்படிக்கை இருக்கிறதே என்றால், அது சரக்கைப் பற்றியது. 1996-இல் எழுதி, 2010-இல் திருத்தி, அதன் பிறகும் நெடுங்காலம் நடைமுறைக்கு வராமலே கிடக்கும் உடன்படிக்கை அது. அதாவது அம்மோனியா சரக்காகப் போனால் ஒரு சட்டம், அதே அம்மோனியா இன்ஜினுக்குப் போனால் சட்டத்தில் ஓட்டை. ஐ.எம்.ஓ.வின் சட்டக் குழு இதை இப்போதுதான் கையில் எடுத்திருக்கிறது.

கரையில் கதை வேறு. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன முழுப்பொறுப்புக் கோட்பாடு கரையிலுள்ள அம்மோனியாத் தொட்டிக்குப் பொருந்தும், சாக்குப்போக்கே கிடையாது. அதே திரவம் குழாய் வழியாகக் கப்பலுக்குள் போன நொடியில், கப்பலின் டன்னேஜை வைத்துப் பொறுப்புக்கு உச்சவரம்பு கேட்கும் கடல் சட்டம் வந்து நிற்கிறது. எல்சா வழக்கில் கேரளம் கேட்டது 9,531 கோடி. அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்துவைத்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. கடைசியில் நீதிமன்றம் பிணையாகக் கட்டச் சொன்னது சுமார் 1,227 கோடி. இத்தனைக்கும் கொட்டியது சட்டத்துக்கு நன்றாகத் தெரிந்த எண்ணெய்.

பெரிய சட்டம் எப்போது வரும் என்று காத்திருக்கவும் முடியாது. ஐ.எம்.ஓ. 2023-இல் 2050 வாக்கில் நிகர பூச்சியம் என்று இலக்கு வைத்தது. அதைக் கட்டாயமாக்கும் விதித்தொகுப்பு, டன்னுக்கு 100, 380 டாலர் என்ற இரண்டு அடுக்குக் கட்டணத்தோடு 2025 ஏப்ரலில் 63-க்கு 16 வாக்கில் தேறியது. இந்தியாவும் ஆதரித்தது. அக்டோபரில் இறுதியாக ஏற்கக் கூடியபோது, அமெரிக்காவின் நெருக்கடிக்கு நடுவே, 57-க்கு 49 வாக்கில் ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிட்டார்கள். ஐரோப்பா காத்திருக்கவில்லை. 2025-இல் 2 சதவீதம், 2030-இல் 6, 2050-இல் 80 என்று எரிபொருளின் கரிச்செறிவைக் குறைக்கச் சொல்லி அபராதமும் போடுகிறது. திருப்பூர் பனியன் பெட்டி ஐரோப்பா போகும் கப்பலுக்கு இந்தச் செலவு இன்றே இருக்கிறது.

இங்கே நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2025-இல் பழைய 1958 சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய வணிகக் கப்பல் சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் எழுதும் விதிகளில் 'எண்ணெய்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'எரிபொருள் எதுவானாலும்' என்று எழுதிவிடலாம். அதுவரை, பங்கர் நிரப்பும் உரிமத்திலேயே காப்பீட்டை ஒரு நிபந்தனையாகத் துறைமுகம் வைக்கலாம். சான்றிதழ் காட்டாத கப்பலுக்குக் குழாய் மாட்டாதே, அவ்வளவுதான்.

ஆகவே இன்று முடிவு எடுக்கச் சொன்னால் என் வரிசை இது: இப்போதுள்ள கப்பல்களுக்குச் சான்றிதழ் உள்ள உயிரி எண்ணெய்க் கலவை, புதுக் கப்பல்களுக்கு மெத்தனால், லாரி இல்லாமல். அம்மோனியாவை ஏற்றுமதிச் சரக்காக, குடியிருப்பிலிருந்து எட்ட, உயர்ந்த பாதுகாப்போடு அனுப்பலாம். எரிபொருளாக வேண்டாம், அந்தக் காப்பீட்டு ஓட்டை அடைபடும் வரையிலும், காற்றடிக்கும் திசையில் இருக்கும் ஒவ்வொரு தெருவுக்கும் சைரன் சத்தம் பழகும் வரையிலும். எல்.என்.ஜி.க்கு நான் ஓட்டுப் போடவில்லை. திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, அதை நம் பேரன்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இழுவைக் கப்பல்கள் மட்டும் தனிக் கணக்கு. மத்திய அரசின் பசுமை டக் திட்டத்தில் வ.உ.சி. துறைமுகமும் முதல் நான்கில் ஒன்று. 2027 முடிவதற்குள் குறைந்தது இரண்டு பசுமை டக் வாங்க வேண்டும், இல்லை வாடகைக்கு எடுக்க வேண்டும். அதற்கு மெத்தனாலா, ஹைட்ரஜனா என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். டக் பெரிய கப்பலை அணைத்துப் பெர்த்தில் விட்டுவிட்டு அரை மணி நேரத்தில் தன் இடத்துக்கு வந்து கட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே மின்கம்பம் நிற்கிறது. பேட்டரி போதும்.